பச்சை வர்றதுக்கு முன்னாடி

இல்லக்கா, உள்ள வேணாம், இங்கயே நின்னு சொல்லிட்டுக் கிளம்பிடறேன். நாலு மணிக்குள்ள நான் திரும்பிப் போகணும். அண்ணன்கூட வேலை பாக்கற பொண்ணுதான், ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ரூம்ல. கண்ணாடி, கண்ணாடின்னு வீட்ல சொல்லிருப்பாரே, அது நான்தான். ஆமாமா, ஒருநாள் போன்ல பேசினோமே, அவரு சாப்பாட்டை மறந்துட்டு வந்தன்னிக்கு.

நோட்டு வாங்கத்தான் வந்தேன். நீல அட்டை நோட்டு. அதுல கமாண்டெல்லாம் எழுதி வெச்சிருப்பாரு. ஒண்ணு மட்டும் பாக்கணும்.

அது என்னக்கா உள்ள டொக்கு டொக்குன்னு? அண்ணனா? மூணு நாளா குழாயவா கழட்டி மாட்டிட்டிருக்காரு? ஒழுகவே இல்லையா? ஒழுகாத குழாயப் போயி... ஐயோ.

ம், உக்காந்துக்கறேன். தண்ணி மட்டும் குடுங்க.

என்ன சொன்னீங்க? கேஸை மூடிட்டோமான்னு நாலு தடவை போய்ப் பாக்கற மனுஷனா? பூட்டைப் பிடிச்சு இழுத்துப் பாத்துட்டு, பாதி படி இறங்கி மறுபடி ஏறி வந்து இழுத்துப் பாப்பாரா? அங்கயும் அப்படித்தான்க்கா. அப்படிப்பட்டவரு எப்படி அவசரப்பட்டாருன்னு கேக்கறீங்க. கேக்கணும்தான். வர்றேன், அதுக்குத்தான் வர்றேன். முதல்லேருந்து சொன்னாத்தான் எனக்கு வரும்.

எங்க ரூம்ல ஒம்போது மெஷின் இருக்கு. ஆள் உசர அலமாரியில அடுக்கி வெச்சிருக்கும். ஊர்ல யாரு வந்து எந்த ஸ்கேன் எடுத்தாலும் அந்தப் படம் துண்டு துண்டா இந்த ஒம்போதுலதான் போய் உக்காரும். ஒவ்வொரு துண்டுக்கும் மூணு நகல், மூணு வேற வேற மெஷின்ல. ஒண்ணு படுத்தாலும் மத்தது ரெண்டும் தாங்கும். கூட்டுக் குடும்பம் மாதிரின்னு அண்ணன் சொல்வாரு. ஒருத்தருக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தர் அடுப்பைப் பாத்துக்கற மாதிரி. எங்க வீட்ல நானும் அம்மாவும்தான், அதனால எனக்கு அது கொஞ்ச நாள் புரியல.

ஞாயித்துக்கிழமை புது சாஃப்ட்வேர் போட்டோம். ஒவ்வொரு மெஷினா நிறுத்தி, புதுசைப் போட்டு, திருப்பி எழுப்பணும். எழுந்ததுக்கு, தான் இல்லாத நேரத்துல என்னென்ன நடந்துச்சுன்னு தெரியாதில்ல? மத்ததுங்ககிட்ட கேட்டுக் கேட்டு விட்டதைப் பிடிக்கும். ஸ்கிரீன்ல ஒரு நம்பர் இறங்கிக்கிட்டே வரும். சைபர் ஆகி, மஞ்சள் போயி பச்சை வந்தாத்தான் அடுத்ததைத் தொடலாம்.

அதுக்கு அண்ணன் ஒரு முறை வெச்சிருக்காரு. அவரு டைப் அடிப்பாரு, என்டரை அழுத்த மாட்டாரு. விரலை மேல வெச்சுட்டு உக்காந்திருப்பாரு. நான் பின்னாடி நின்னு பெரிய ஸ்கிரீனைப் பாப்பேன். பச்சை வந்ததும் ஒரே வார்த்தை சொல்லணும். சரிங்கற வார்த்தை. அவ்வளவுதான். உள்ள ஃபேன் இரைச்சல் காதைக் கிழிக்கும்க்கா, வேற எது சொன்னாலும் விளங்காது. அதனால அந்த ரூமுக்குள்ள வேற எதுக்கும் யாரும் அந்த வார்த்தையச் சொல்லக்கூடாது. டீ குடிக்கலாமான்னு கேட்டா ஆகட்டும்னுதான் சொல்லணும். புதுசா வர்றவங்க ஒரு வாரம் திணறிப் போயிடுவாங்க. ஒரு தடவை மேனேஜரே வாய்தவறிச் சொல்லிட்டாரு. பெரிய மனுஷன்னு பாக்காம வெளிய போங்க சார்னுட்டாரு அண்ணன்.

சிரிக்கிறீங்களே! வீட்லயும் ஆகட்டும்தானா? கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்போகூடவா? நல்ல ஆளுக்கா அவரு.

பதினோரு அப்கிரேடு இப்படிச் செஞ்சிருக்கோம், ஒண்ணுலகூடத் தப்பு வந்ததில்ல. பன்னெண்டாவதுலதான்... நாலாவது மெஷின் எழுந்து, விட்டதைப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி. அதுக்குள்ள அஞ்சாவதை நிறுத்தியாச்சு.

அதுவாச்சும் உடனே எழுந்திருந்தா ஒண்ணுமில்ல. எழல. எழும், மெமரி முழுக்கத் தின்னும், மூச்சு முட்டிச் செத்துப் போகும், மறுபடி எழும், மறுபடி சாகும். அதே மத்தியானம் ரெண்டாவது மெஷின்ல ஒரு பழைய டிஸ்க், இத்தனை பாரத்தைத் தாங்க முடியாம, போயே போச்சு. கணக்குப் பாத்தா நாப்பத்தொரு துண்டுக்கு முழு நகல் எங்கயுமே இல்ல. ரெண்டாவதுல அழிஞ்சாச்சு. நாலாவதுல அரைகுறை. முழுசா இருக்கறது அந்த எழமாட்டேங்கற அஞ்சாவதுல மட்டும்தான். நாப்பத்தொண்ணுதானேன்னு நினைக்காதீங்க, ஒவ்வொரு துண்டுலயும் ஆயிரக்கணக்கான பேரோட படம்.

அந்த ஆறு நிமிஷம் பொறுத்திருந்தா நாலாவது முழுசாயிருக்கும்க்கா. அஞ்சாவது செத்தா செத்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாம்.

அதுக்கப்புறம் நான் பாக்காத இடமில்ல. முதல்ல வயர்னு நினைச்சு ஒவ்வொண்ணா மாத்தினேன். அப்புறம் மெஷினுங்களோட கடிகாரம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலையோன்னு பாத்தேன், ஒத்துதான் இருந்துச்சு. பழைய சாஃப்ட்வேருக்கே போயிடலாம்னா, புதுசு ஏற்கனவே டிஸ்க்கைத் தன் இஷ்டத்துக்கு மாத்தி எழுதிடுச்சு, திரும்பிப் போக வழியில்ல. வித்த கம்பெனிக்காரன் போன்ல சொல்றான், நாப்பத்தொண்ணும் தொலைஞ்சதுன்னு அறிவிச்சுடுங்க மேடம், பூட்டிக் கிடக்கற மிச்சமெல்லாம் திறந்துக்கும்னு. ஒரு வரி கமாண்டு. மேனேஜர் தலையாட்டிட்டாரு. ஒரு நாள் குடுங்க சார்னு கெஞ்சினேன்.

நான் வெளிய வந்தா வராந்தாவுல ஒரு ஆளு. மடியில பெரிய கவர். அவரு பொண்ணுக்குத் தலையில ஆபரேஷன். போன வருஷப் படத்தை இந்த வருஷப் படத்தோட வெச்சுப் பாத்தாத்தான் கத்திய வைக்க முடியும்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன வருஷப் படம் எங்க இருக்கு? என்னைப் பாத்து, கம்ப்யூட்டர் எப்பம்மா குணமாகும்னு கேட்டாரு. எங்கம்மாவும் அப்படித்தான் பேசுவாங்க. கம்ப்யூட்டருக்கு ஜுரமான்னு.

நேத்துதான் பிடிபட்டுச்சு. ஒவ்வொரு டிஸ்க்கும் தான் செஞ்ச வேலையக் குறிச்சுக் குறிச்சு வெச்சுக்கும், ஒரே வேலைய ரெண்டு தடவை செஞ்சுடக்கூடாதுன்னு. பழைய குறிப்பையெல்லாம் அப்பப்போ கிழிச்சுப் போட்டிருக்கணும். பழைய சாஃப்ட்வேர்ல இருந்த கோளாறுல கிழிக்கவே இல்ல. அஞ்சாவதுலதான் அது லட்சக்கணக்குல சேந்து கிடக்கு. புதுசு எழுந்ததும் அத்தனையும் ஒரே மூச்சுல படிக்கப் பாக்குது. வேற எப்படி இருக்கும், மூச்சு முட்டாம?

டிஸ்க்கைத் தூங்க வெச்சுட்டு, அந்தக் குறிப்பை மட்டும் நறுக்கி எடுக்கலாம். அஞ்சாவது மெஷின்ல பன்னெண்டு டிஸ்க். ஒவ்வொண்ணையும் முழுசா நகல் எடுத்து வெச்சுட்டு, நறுக்கினேன். இன்னிக்குக் காலையில பதினொண்ணு எழுந்து உக்காந்துடுச்சுக்கா! நாப்பத்தொண்ணுல முப்பத்தெட்டு துண்டு வந்தாச்சு. மேனேஜர் என் கையப் பிடிச்சுக் குலுக்கினாரு. நீ இல்லேன்னா ஆஸ்பத்திரியே இல்லேங்கறாரு. எல்லாரும் கைதட்டறாங்க. அண்ணனோட நாற்காலியில உக்கார வெச்சுட்டாங்க. உசரத்தைக்கூட யாரும் மாத்தல. கால் தரையில எட்டாம தொங்கிக்கிட்டிருந்தேன்.

இல்லக்கா, சந்தோஷமா? எனக்கா? எந்திரிச்சு ஓடிடலாம் போல இருந்துச்சு.

பன்னெண்டாவது டிஸ்க் இருக்கில்ல, அது பழுது. நகல் எடுக்க முடியல, பாதியில நின்னுடுது. மிச்ச மூணு துண்டும் அதுலதான். அந்தப் பொண்ணோட படம் அந்த மூணுல ஒண்ணுல. ஒரே ஒரு வாய்ப்பு. கமாண்டுல ஒரு எண் மாறினா, குறிப்பை நறுக்கறதுக்குப் பதிலா துண்டையே நறுக்கிடும். டைப் அடிச்சுட்டேன். விரலை என்டர்மேல வெச்சுட்டேன். அப்படியே முக்கா மணி நேரம் உக்காந்திருந்தேன்க்கா. பின்னாடி நின்னு அந்த ஒரு வார்த்தையச் சொல்ல ஆளில்ல. நானே எனக்குச் சொல்லிக்கலாம். வாய்ல வரல.

ஆமா. நோட்டு வேணாம். பொய் சொன்னேன். நோட்டுல இருக்கறதெல்லாம் எனக்கு மனப்பாடம். அண்ணன்தான் வேணும்.

அவரு வரமாட்டாருன்னு தெரியும். வீட்ல இருக்கச் சொல்லிட்டாங்க, உள்ள நுழைய அட்டை செல்லாது. நாலு மணிக்கு அறிக்கை போகுது. மேனேஜர் டைப் அடிச்சு வெச்சிருக்காரு. ஒரே ஒரு பக்கம். பார்த்தவர் சொல்லும் முன்பே செய்தவர் தன்னிச்சையாக அழுத்திவிட்டார்னு எழுதியிருக்கு. கீழ ரெண்டு கோடு. செய்தவர்ங்கற கோட்டுல அண்ணன் திங்கக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டாரு. விசாரணையில ஆமா சார், அவசரப்பட்டுட்டேன்னு அவரே சொல்லிட்டாரு. பார்த்தவர்ங்கற கோடு காலியா இருக்கு. அதுல நான் போட்டுட்டா அவருக்கு வேலை இல்ல. என்ன ஏதுன்னு இனிமே யாரும் கேக்கவும் மாட்டாங்க.

அதோ, பையிலதான் இருக்கு. மடிச்சு வெச்சிருக்கேன். நாலு மணிக்குக் குடுக்கணும்.

இல்லக்கா, அழல. சொல்லிடறேன். கேஸை நாலு தடவை பாக்கறவரு எப்படி அவசரப்பட்டாருன்னு கேட்டீங்களே.

எங்கம்மா ஒரு துணிக் கம்பெனியில சட்டை மடிக்கிறாங்க. போனை வாசல்லயே வாங்கி வெச்சுடுவாங்க. மத்தியானம் சாப்பிட விடும்போது பத்து நிமிஷம் கையில குடுப்பாங்க, ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான். அந்தப் பத்து நிமிஷத்துல நான் எடுக்கலைன்னா எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துக்குவாங்க. ரூமுக்குள்ள போன் கொண்டு போகக்கூடாது. நான் கொண்டு போவேன். இயர்போனை முடிக்குள்ள மறைச்சு, ஒரு காதுல மட்டும் மாட்டிக்குவேன். பதினோரு தடவையும் மாட்டிக்கிட்டுத்தான் நின்னேன்.

சத்தம் நின்னுடுச்சே உள்ள. குழாய மாட்டிட்டாரு போல.

அவருக்குத் தெரியும்க்கா. அன்னிக்கு அழுத்தின உடனே திரும்பிப் பாத்தாரு. ஸ்கிரீனைப் பாக்கல, என் காதைத்தான் பாத்தாரு. அப்புறம் முன்னாடி திரும்பிக்கிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல, யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. உங்ககிட்டகூடச் சொல்லல போலிருக்கு.

அன்னிக்குப் போன்ல, இன்னிக்காவது சீக்கிரம் வந்துடு கண்ணுன்னாங்க அம்மா. அவ்வளவுதான் கேட்டாங்க. நான் சரிம்மான்னேன். அந்த இரைச்சல்ல அண்ணனுக்கு அந்த ம்மா கேக்கல.