டேப்பின் மறுமுனை

மாலை ஆறேகால் மணி. தோப்பை ஒட்டிய மண் சாலை. ஈ காக்கை இல்லை...

எதிர்வீட்டுக்காரர் அப்படித்தான் ஆரம்பித்தார். கரண்ட் போயிருந்தது. அவர் வீட்டு ஹாலில் ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி ஆறேழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அவருடைய நண்பனின் சொந்தக்காரர் ஒருவருக்கு நடந்ததாம். ரொம்ப வருஷம் ஆயிற்றாம்.

அந்தச் சொந்தக்காரர் ஒரு சர்வேயர். அன்று அவருடைய உதவியாள் லீவு. தங்கை கணவர், "நான் வர்றேன் மச்சான்" என்று தானாகவே ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத மாப்பிள்ளை. சர்வேயருக்கு வாயெல்லாம் பல்.

வேலை லேசானது. டேப்பின் ஒரு முனையை மாப்பிள்ளை எல்லைக்கல்லில் வைத்துப் பிடிக்க வேண்டும். மறுமுனையோடு சர்வேயர் நடப்பார். "பிடிச்சாச்சு" என்று குரல் வந்ததும் இழுத்து அளவைப் படிப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். டேப் இறுகினால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷப் பழக்கம்.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்தத் தோப்பில் ஒரு கூட்டம் இருக்கிறது. பேய் என்றும் சொல்ல முடியாது, தேவதை என்றும் சொல்ல முடியாது. கண்ணை எடுக்க முடியாத அழகு... நிழல்தான் விழாது. முந்தின வாரம் அந்தக் கூட்டத்தின் கையில் மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார். விடிய விடிய அழுதார். உனக்குப் பதில் ஒருத்தரைக் கொண்டுவா என்று சொல்லி விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, வண்டி பஞ்சர் என்று மனைவியிடம் புளுகினார்.

மூன்றாவது அளவு தோப்புக்குள். மழையே இல்லை, ஆனால் ஈர மண் வாசனை. கூடவே பால் அடிப்பிடித்த வாசனை.

"பிடிச்சாச்சு மச்சான்."

டேப் இறுகியது. குனிந்து அளவை எழுதினார். அப்போது சாலையில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம்... அவருடைய ஸ்கூட்டர். எவனோ வண்டியைத் திருடுகிறான் என்றுதான் நினைத்தார். மாப்பிள்ளைதான் இங்கே டேப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே.

"மாப்ளே, வண்டி!"

"பிடிச்சாச்சு மச்சான்."

அதே குரல். இப்போது பக்கத்தில். டேப் அவரை உள்ளே இழுக்கத் தொடங்கியது. மரங்களுக்கு நடுவே சாலை தெரிந்தது. வண்டியில் போகிறவரின் முதுகும் தெரிந்தது. பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. அந்த ஒரு நொடியில் மனுஷன் உடைந்துபோனார். அதுவரை மாப்பிள்ளையை மரியாதை குறைத்துப் பேசியதே கிடையாது.

"டேய், என்னை விட்டுட்டுப் போகாதடா!"

எதிர்வீட்டுக்காரர் இங்கே நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காதுல விழுந்துச்சு. நான் திரும்பல..." என்றார். உடனே, "மாப்பிள்ளை திரும்பலைன்னு சொல்ல வந்தேன்" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி இன்னொரு மெழுகுவர்த்தியோடு வந்தார். கதை எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

"என்னங்க, அண்ணன் ரூம் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கு. தட்டினா பதில் இல்ல."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தனை அண்ணன் இருக்காங்க? சாயங்காலம் உங்க பின்னாடிதானே வண்டியில வந்து இறங்கினார். நீங்க வண்டிய நிறுத்தப் போனீங்க, நான் கதவைத் திறந்துவிட்டேன். ஒரே குளிரா இருக்குன்னு சொல்லி நம்ம பாப்பாவைத் தூக்கிப் பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டார்."

நாங்கள் அந்த அறையைப் பார்த்தோம். பால் அடிப்பிடித்த வாசனை எங்களுக்கும் வந்தது. அடுப்பு பற்றவைத்த மாதிரி தெரியவில்லை.

எதிர்வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. முகம் ஏமாந்தவன் முகமாக இருந்தது.

"ஒருத்தர் போதும்னுதானே சொன்னாங்க" என்றார்.