கடைசிக் கிண்ணம்

உலர்ந்த திராட்சையை முதல் நாளே ஊற வைத்துவிட வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் சாறு வெளிறிப் போகும். ஞாயிறு காலையில் அடுப்பில் ஏற்றி, நிறம் நன்றாக இறங்கியதும் வெள்ளைத் துணியில் வடிகட்டி ஆறவைப்பேன். திருவிருந்துக்கு, ஆளுக்கொன்றாக நாற்பத்திரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்றரை வருடத்தில் தட்டில் ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. கையில் அந்தப் புட்டியை வைத்துக்கொண்டு, சாறு புளித்துவிட்டதோ என்று நீங்கள் இன்னும் நல்ல மனதோடு கேட்கிறீர்கள், பாஸ்டரம்மா. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். சாற்றில் ஒரு குறையும் இல்லை.

சபையில் கிண்ண அலமாரிக்குப் பின்னால் நீங்கள் கண்டெடுத்த அந்த இருமல் மருந்துப் புட்டி என்னுடையதுதான். மோந்து பார்த்திருப்பீர்கள். இப்படி வையுங்கள், பொத்தான் டப்பாவுக்குப் பக்கத்தில். கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். உள்ளறையில் என் வீட்டுக்காரர் தூங்குகிறார். இப்போதுதான் சாப்பாடு ஊட்டி, முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டு வந்தேன். நானும் தையல் மெஷினை நிறுத்திவிடுகிறேன்.

பதினெட்டு வருடம் நான் ஒரு குடிகாரரோடு குடித்தனம் நடத்தினேன். அது ஊரறிந்த கதை. உங்களுக்குத் தெரியாதது அந்த வீட்டுக் காலைநேரம். பிள்ளை இல்லாத வீடு. காலையில் நானும் அவரும்தான். முந்தின நாள் தட்டைத் தூக்கி எறிந்த மனுஷன், எழுந்ததும் பச்சைப்பிள்ளை மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். கை நடுங்கும். சட்டைக்குப் பொத்தான் போட வராது. நான் கீழேயிருந்து மேலே ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவேன். கழுத்துப் பொத்தானுக்கு வரும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். "நீ இல்லன்னா நான் செத்தேன் குருவி" என்பார். குருவி என்று என்னை அவர் ஒருவர்தான் கூப்பிடுவார். பிறகு பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் மறுநாள் காலைவரை ஓட்டிவிடுவேன்.

அவருக்காக ஜெபித்ததும் நான்தான். பன்னிரண்டு வருடம் உங்கள் சபையின் கடைசி வரிசையில், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் எல்லாரும் என்னை 'பெயிண்டர் சம்சாரம்' என்றுதான் சொல்வீர்கள். தப்பில்லை. கேட்டது நான், கிடைத்தது அவருக்கு. அதுவும் தப்பில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவர் ஞானஸ்நானம் எடுத்த அன்று தொட்டியிலிருந்து நனைந்து எழுந்ததைப் பார்த்து நானும் அழுதேன். "பழைய மனுஷன் செத்துட்டான். இனி இவர் புது மனுஷன்" என்று பாஸ்டர் சொன்னார். சபையே கை தட்டியது. எனக்கு மட்டும் கை தட்ட வரவில்லை. நான் கட்டிக்கொண்டது அந்தப் பழைய மனுஷனை அல்லவா. அவர் செத்துப்போனார் என்று எல்லாரும் கொண்டாடுகிறீர்கள், ஒருவர்கூட என்னிடம் வந்து துக்கம் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவர் எனக்கு முன்னால் எழுந்து, ஜெபம் முடித்து, கழுத்துவரை தானே பொத்தான் போட்டுக்கொண்டு நின்றார். கை ஆடவில்லை.

அந்த வாரமே என் முன்னால் முழங்கால் போட்டு, "உனக்கு நான் செஞ்சதுக்கெல்லாம் என்னை மன்னிச்சிடு. அதெல்லாம் செஞ்சவன் இப்ப இல்ல" என்று கண்ணீர் விட்டார். பதினெட்டு வருடம் நான் காத்திருந்த வார்த்தை. இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன். மூன்றாம் நாள் அரிசி வாங்கப் போனபோது அவர் கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "உங்களுக்கு நான் செஞ்சதுக்கெல்லாம் என்னை மன்னிச்சிடுங்க. அதெல்லாம் செஞ்சவன் இப்ப இல்ல." அதே வார்த்தை, அதே கண்ணீர். நான் அரிசி வாங்காமல் திரும்பி வந்தேன்.

பிறகு சாட்சி சொல்ல ஆரம்பித்தார். என்னை அடித்தது, நான் தைத்து வைத்திருந்த ஊரார் துணிகளை எரித்தது எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் சொல்லி முடிப்பார். பட்டது நான், ஆனால் கட்டிப்பிடித்துத் தேற்றியது அவரை. தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினீர்கள். நீங்கள்கூட என்னிடம், "எவ்வளவு கொடுத்து வச்சவங்க நீங்க" என்றீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிறு அவர் சாட்சியை முடிக்கும்போது கையை உயர்த்தி, "நீங்க இல்லன்னா நான் செத்தேன் இயேசப்பா" என்றார்.

அது என்னுடைய வாக்கியம், பாஸ்டரம்மா. எடுத்து அப்படியே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

வேறொரு பெண் என்றால் தெருவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆண்டவரிடம் என்ன கேட்பது. யாரிடம்தான் போய்ச் சொல்வது. எனக்குப் பொறாமை, வயிறு எரிகிறது, ஆண்டவர்மேல்தான் என்று சொன்னால் எனக்கும் ஒரு உபவாச ஜெபம் வைத்திருப்பீர்கள்.

ஆண்டவருடைய இரத்தம் என்று எல்லாரும் குடிக்கிற திருவிருந்துச் சாற்றைச் செய்யும் வேலையைத் தந்தது நீங்கள். "பெயிண்டர் அய்யா குடும்பத்துக்கே இது ஒரு கனம்" என்றீர்கள். ஒரு வருடத்துக்குமேல் கண்ணும் கருத்துமாகச் செய்தேன், அதில் பொய் இல்லை. அதற்குள் அவரைத் தட்டு ஏந்தும் ஊழியத்துக்கு வைத்தீர்கள். நடுங்காத கையால் தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டுவார். எல்லாரும் எடுத்த பிறகு, தட்டில் மிஞ்சும் கடைசிக் கிண்ணம்தான் தனக்கு என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். தான் எல்லாரிலும் கடையவனாம். தட்டின் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார், எந்த மூலையில் முடிப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவருடைய தாழ்மைதான் எனக்கு வசதியாக இருந்தது.

பிராந்தி அவருடையதேதான். மனம் திரும்பியபோது எல்லாப் புட்டிகளையும் கொட்டிவிட்டார். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒன்றை மறந்துவிட்டார். செத்தவருடைய பொருளை எடுத்து வைப்பதுபோல அதை என் துணிப்பெட்டியில் வைத்திருந்தேன். சாற்றின் நிறத்துக்கும் அதன் நிறத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருமல் மருந்துப் புட்டியில் கொஞ்சம் ஊற்றிச் சபைக்குக் கொண்டுபோவேன். அவர் முடிக்கிற மூலைக் கிண்ணத்தில் மட்டும் அரைக் கிண்ணம் சாறு, அரைக் கிண்ணம் அது. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும். மொத்தம் நான்கு முறை.

முதல் முறை குடித்துவிட்டு அவர் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வீட்டுக்கு வந்ததும், "குருவி, இன்னைக்கு சாறு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். எத்தனை மாதத்துக்குப் பிறகு குருவி என்கிறார் தெரியுமா.

"எப்பவும் போலத்தான். ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

இரண்டாம் மாதம் முகம் செத்துப்போய் வந்தார். நாக்கில் பழைய வாசனை வருகிறது என்றார். "வேற யாரும் அப்படிச் சொல்லலயே" என்றேன். அது உண்மைதான். மூன்றாம் மாதத்துக்குள் சாப்பாடு குறைந்துவிட்டது. பாஸ்டரிடம் சொல்லட்டுமா என்றார். சொன்னால் தட்டு ஏந்த விடமாட்டார்கள் என்று நான்தான் தடுத்தேன். நான்காம் முறை வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாருக்கும் அது கிருபையா உள்ள இறங்குது. எனக்கு மட்டும் வாயில சாராயமா மாறுது. ஆண்டவர் என்னை ஏத்துக்கல குருவி. நான் மறுபடி பொறக்கவே இல்ல. சும்மா நடிச்சிருக்கேன்."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும், எல்லாம் சரியாகியிருக்கும். கரண்டி கையில் இருந்தது, அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. "அப்படியெல்லாம் மனச விடாதீங்க" என்றேன். அதைக் கிளறிக்கொண்டே, "ஆனா உள்ளுக்குள்ள இருக்கறது அவருக்குத் தெரியாம இருக்குமா" என்றும் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை குடித்துவிட்டு வந்தார். நான் திட்டவில்லை. முகம் கழுவிவிட்டுப் படுக்கையைத் தட்டிப் போட்டேன். மறுநாள் காலை பொத்தான் நான்தான் போட்டேன். பத்து நாள் அப்படி ஓடியது. என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று கேட்டால் அந்தப் பத்தைச் சொல்வேன். பதினோராம் நாள் மூன்றாவது மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே இனி அசைவு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. யாராவது இதையெல்லாம் எழுதினால் அதைத் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

பாஸ்டர் வந்தபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதைப் பார்த்தீர்கள். வேதாகமத்தை இந்த அறைக்குள் கொண்டுவர வேண்டாம் என்கிறார். தள்ளப்பட்டவன் கையால் அதைத் தொடக்கூடாதாம். தேம்பித் தேம்பி அழுவார். நான் உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, கீழேயிருந்து மேலே பொத்தான் போடுவேன். கழுத்துப் பொத்தானில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் செத்தேன் குருவி" என்பார். ஒரு நாளும் தவறியதில்லை.

இப்போதுகூடக் கூப்பிடுகிறார், கேட்கிறதா? தண்ணீருக்காக இருக்கும். இருங்கள், நான் போகிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

போலீசில் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள், வந்து இதையே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் நிறுத்தினாலும் நிற்கிறேன். உள்ளே போய் அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். கிண்ணத்தில் இருந்தது பிராந்திதான், ஆண்டவர் தன்னைத் தள்ளவே இல்லை என்று தெரிந்தால், இடுப்பு அசையாத அந்தப் படுக்கையிலேயே மறுபடியும் பிறந்துவிடுவார். முதல் வேலையாக என்னை மன்னிப்பார். மன்னித்துவிட்டுத் திரும்பவும் ஆண்டவரிடமே போய்விடுவார்.

வேண்டாம், பாஸ்டரம்மா. பாவம், என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்.