பதினோரு லெட்டர்

தணிகாசலம்: உள்ள வா தையல்நாயகி. என்னா கூத்து இது? பிக்னிக்குக்கு வராதவங்க எழுதிக் குடுங்கன்னா, பொம்பளைங்க பதினோரு பேரும் எழுதிட்டீங்க!

தையல்நாயகி: அவங்கவங்களுக்கு ஒரு ஜோலி மொதலாளி.

தணிகாசலம்: செந்தமிழ்ச்செல்விக்கு அக்கா வளகாப்பு. அஞ்சலாட்சி வூட்ல காதுகுத்து...

தையல்நாயகி: அவ புள்ளைக்கி.

தணிகாசலம்: அமிர்தவல்லிக்கும் புள்ளைக்கி காதுகுத்தாம்! அவளுக்குக் கல்யாணமே ஆவலயே!

தையல்நாயகி: ...அண்ணன் புள்ளையா இருக்கும்.

தணிகாசலம்: சிரிக்காத. போன வருஷம் சுண்ணாம்பாறுல படகு, பிரியாணி... மாத்திரை பேக் பண்ற கம்பெனியில எவன் இவ்ளோ செய்றான்? எல்லாரும் சந்தோஷமாத்தான இருந்தீங்க?

தையல்நாயகி: இருந்தோம். சரிதா மட்டும் மறுநாளே வேலைய வுட்டு நின்னுட்டா.

தணிகாசலம்: தவளக்குப்பத்துலேந்து பஸ்சு சரியில்லன்னு...

தையல்நாயகி: மூணு வருஷமா அதே பஸ்சுலதான் வந்தா.

தணிகாசலம்: ...சொல்ல வந்தத சொல்லு.

தையல்நாயகி: சூப்பர்வைசர் சக்கரபாணி. குடிச்சிட்டு, அவ தோள்ல கைய போட்டாரு. அப்புறம் இடுப்புல. படகுல தள்ளி ஒக்கார எடம் ஏது?

தணிகாசலம்: அது ஞாயித்துக்கெழமம்மா. கம்பெனிக்கு வெளிய...

தையல்நாயகி: வேன் யாருது?

தணிகாசலம்: நம்மளுது.

தையல்நாயகி: பீர் பொட்டி?

தணிகாசலம்: ...நாந்தான் வாங்கினேன்.

தையல்நாயகி: அப்ப பொறுப்பும் உங்களுதுதான். தொண்ணூத்தேழுலயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லி எட்டு வருஷமாவுது. புகார் கேக்க ஒரு கமிட்டி வெக்கணும், ஒரு பொம்பள தலைவியா இருக்கணும். இங்க எங்க இருக்கு?

தணிகாசலம்: கோர்ட்டு வரைக்கும் படிச்சிட்டியா! அப்ப இந்த லெட்டரெல்லாம்...

தையல்நாயகி: நாஞ்சொல்லித்தான் எழுதினாங்க. காதுகுத்த ரெண்டு பேருக்கு குடுத்துட்டேன், அதான் தப்பு.

தணிகாசலம்: வேல போயிடும்னு பயமில்ல ஒனக்கு?

தையல்நாயகி: அனுப்பிப் பாருங்க. திங்கக்கெழமயும் பதினோரு பேருக்கும் காதுகுத்துதான்.

தணிகாசலம்: அடேங்கப்பா! சரி, என்னா வேணும்?

தையல்நாயகி: சக்கரபாணிய விசாரிக்கணும். முடியிற வரைக்கும் அவரு வேனுல ஏறக்கூடாது. பீரும் கூடாது.

தணிகாசலம்: பீர் இல்லன்னா ஆம்பளைங்க வரமாட்டாங்களே...

தையல்நாயகி: அவங்க எழுதட்டும் லெட்டரு. கமிட்டியில இருக்கறவங்க பேரு நோட்டீஸ் போர்டுல வரணும். சரிதாவ நீங்களே போயி கூப்புடணும்.

தணிகாசலம்: எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே...

தையல்நாயகி: உங்க தலைக்கு மேல மாட்டியிருக்கே, படகுல எடுத்த போட்டோ... திரும்பிப் பாருங்க. எல்லாரும் கேமராவ பாக்குறோம். நீங்க எங்க பாக்குறீங்க?

தணிகாசலம்: சக்கரபாணியோட அந்தக் கையத்தான். பாத்தேம்மா. பாத்துட்டுத்தான்... "எல்லாரும் சிரிங்க"ன்னு சொன்னேன்.