தேக்கு வீட்டின் எதிர்க்கரை

மற்றவர்கள் வாழ்ந்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பதென்றால் எனக்கு எப்போதுமே பிடிக்கும். யார் எங்கே தூங்கினார்கள், பாத்திரங்களை எங்கே அடுக்கினார்கள் என்று பார்த்தாலே பொழுது போய்விடும். அதனால்தான் சென்னைக்குப் போகும் வழியில் பாங்காக்கில் தங்கியபோது, வாய்க்கால் கரையில் இருந்த ஒரு பழைய தேக்கு வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அது மியூசியம்.

அவர் என்றால் என் கணவர் பத்மநாபன். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிரிட்ஜ்வாட்டரில் எங்களைத் தெரியாதவர்கள் குறைவு. மறதி நோய் வந்த பிறகு அவருக்கு என் பெயர் சில நாள் ஞாபகம் இருக்கும், சில நாள் இருக்காது. போன குளிர்காலத்தில் பனியில் வேட்டியோடு ஃப்ரீவே வரை நடந்து போய்விட்டார். டப்ளினில் இருக்கும் என் பெண் மானஸா போனில் சொன்னாள். "அம்மா, உன்னால மேனேஜ் பண்ண முடியாது. அப்பாவை மெமரி கேர் ஹோம்ல விட்டுடலாம். நானே அப்ளை பண்றேன்."

விட்டிருக்கலாம்தான். ஆனால் கோவிலில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். புருஷனை ஹோமில் தள்ளிவிட்டு இங்கே வந்து பிரதட்சிணம் பண்ணுகிறாள் என்பார்கள். நான் அந்த மாதிரிப் பெண் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு உயரமான நிலைப்படிகளைத் தாண்டினார். அந்த வீட்டில் வாழ்ந்த வெள்ளைக்காரர் வேறொரு நாட்டு மலைக்கு லீவுக்குப் போனவர், நடக்கக் கிளம்பித் திரும்பவே இல்லை என்று கைடு சொன்னாள். சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காணாமல் போனவரின் வீட்டாரை யாரும் குற்றம் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

அங்கேதான் அந்த எண்ணம் வந்தது, ஆபீசர். மானஸா நம்பவில்லை. காலையிலேயே ஹோட்டலில் அப்பா கையிலிருந்த அட்ரஸ் வளையத்தை ஏன் கழற்றினாய் என்கிறாள். வியர்வையில் அரிக்குமே என்று கழற்றினேன். சட்டைப்பையிலிருந்த ஹோட்டல் கார்டையும் நனைந்துவிடும் என்றுதான் எடுத்தேன்.

பாலம் தாண்டினால் எதிர்க்கரையில் பட்டு நெய்கிறவர்களின் குடியிருப்பு. ஆள் ஒதுங்கித்தான் போக முடியும், அவ்வளவு குறுகலான சந்து. சாயம் போட்ட நூல் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கோ தறிச் சத்தம். ஒரு வீட்டு வாசல் பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன். அன்று அவருக்குத் தெளிவான நாள்.

"விசாலம், எங்க போற?"

"தண்ணி வாங்கிண்டு வரேன். நீங்க இங்கயே இருங்கோ."

"சீக்கிரம் வந்துடு. எனக்கு இந்த ஊர் பாஷை தெரியாது."

டாக்ஸி உடனே கிடைத்தது. அறைக்குப் போய்க் குளித்துவிட்டுக் கொஞ்சம் தூங்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு அப்படித் தூங்கினேன். சாயங்காலம் போலீஸிடம் போய், மியூசியம் தோட்டத்தில் என் கையை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார் என்றேன். அவர்கள் மியூசியம் இருந்த கரையிலேயே தேடினார்கள். மறுநாள் காலை வாய்க்காலில் கிடைத்தார்.

ஊர் திரும்பியதும் வீடு நிறைய ஆட்கள். பக்கத்துத் தெரு ஹம்சா புளியோதரை கொண்டுவந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அங்கிளை உங்களை மாதிரி யார் பாத்துப்பா ஆன்ட்டி?" அந்த நாட்கள் எனக்கு ஆறுதலாக இருந்தன.

மானஸாதான் சும்மா இருக்கவில்லை. பாங்காக் போய், அந்தச் சந்தில் ஒரு வீட்டு கேமராவில் பதிவானதை வாங்கி வந்து உங்களிடம் கொடுத்துவிட்டாள். நேற்று நீங்கள் எனக்கும் போட்டுக் காட்டினீர்கள். நெசவுக்கார அம்மா ஒருத்தி தட்டில் சோறு கொடுக்கிறாள். அவர் தொடவில்லை. எந்தப் பெண் கடந்துபோனாலும் எழுந்து நிற்கிறார். நான் இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொள்கிறார். இருட்டும்வரை அப்படித்தான். பிறகு படகுத்துறைப் பக்கம் மெதுவாக நடந்து போகிறார்.

ஆமாம், திரும்பி வருவதில்லை என்று முடிவு பண்ணித்தான் அவரை அங்கே உட்கார வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இடத்தை விட்டு நகரக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அங்கேயே இருந்திருந்தால் அந்த நல்ல மனிதர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித்தான், நான் சொல்வதை ஒருநாளும் கேட்டதில்லை.