எடை ஏறாத மாதம்

விழுப்புரத்தில் கணவருக்கு டயாலிசிஸ் முடித்துவிட்டு வந்த ஒரு தம்பதி, திண்டிவனம் பஸ்ஸில் என் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வெயிட்டு ஏறுனா தண்ணி குடிச்சது தெரிஞ்சிடும்னு சோத்த நிறுத்திட்டு, தண்ணிய குடிச்சிக்கினு இருந்தியாய்யா?"

"எடை அப்படியேதான இருந்துச்சி?"

"கையிலயும் கால்லயும் ஒயர் ஒட்டிப் பாத்த மிஷினு காட்டிக்குடுத்துட்டுது பாரு. சதை கரைஞ்சி, அந்த எடத்துல தண்ணி நிக்குதாம். என் கிட்னிய எடுத்து ஒனக்கு வெக்கறதுக்குள்ள ஒடம்பு தேற வேணாமா?"

விக்கிரவாண்டியில் ஜன்னலோரம் வந்த மோர்க்காரரிடம் கணவர் வேண்டாமெனத் தலையாட்டினார். மனைவியின் தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரு மடக்கு கொப்பளித்து வெளியே துப்பினார். வாயைத் திறந்து மனைவியிடம் காட்டினார்.

"டிபன் பாக்ஸத் தொற. முட்டை வெள்ளைக்கரு ரெண்டையும் குடு."

"மூணு வெச்சிருக்கேன். துன்னு."