பச்சை அரக்கு

இந்த விசாரணை அறையின் விளக்கு நன்றாயிருக்கிறது, அம்மையீர். இத்தகைய வெளிச்சத்தில் மிகச் சிறிய திருகாணியையும் உருப்பெருக்கியின்றி முடுக்கிவிடலாம். வெட்ஸ்லாரில் என் வீட்டுப் பின்கட்டிலுள்ள பட்டறையிலும் இதே போன்ற விளக்கின்கீழ்தான் முப்பத்தொன்பது ஆண்டுகள் லென்சுகளைச் செப்பனிட்டு வந்தேன்.

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில், எங்கள் ஊரில் தோன்றிய காமிரா நிறுவனத்தின் அந்தப் புதிய டிஜிட்டல் காமிரா அறிவிக்கப்பட்டதை நீங்களும் அறிவீர்கள். எங்கள் ஊர் முழுவதும் அதே பேச்சாயிருந்தது. பழைய லென்சுகளும் அதிற்பொருந்தும். ஆனால் தன்மேல் மாட்டப்பட்டது இன்ன லென்சு என்று காமிரா அறிந்துகொள்ள வேண்டுமாயின், லென்சின் அடிவளையத்தில் ஆறு சிறு குழிகள் வெட்டி, அவற்றுக்குக் கறுப்பும் வெள்ளையுமாக வண்ணம் இட வேண்டும். ஆதலின் ஊரிலுள்ளோர் தத்தம் லென்சுகளைக் கைக்குட்டையிற் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தனர். ஃபோல்க்மர் மூன்றைக் கொண்டுவந்தான்.

ஃபோல்க்மர் ஏமெலிங் என் பள்ளித் தோழன், அறுபத்தொரு வயது, மனைவியை இழந்தவன். உள்ளூர் நாளேட்டுக்குப் படம் எடுத்தே வாழ்ந்தவன். அவனுடைய காமிரா என்றும் தூசியாகவே இருக்கும். என்னுடையது தூய்மையாக இருக்கும். வியாழன்தோறும் எங்கள் புகைப்படக் கழகம் ஒரு மதுவகத்திற் கூடி, திரையில் படங்களைக் காட்டி, கைதூக்கி வாக்களிப்பது வழக்கம். என் படங்களில் செங்கல்லின் நுண்துளையும் எண்ணத்தக்கதாயிருக்கும். எவரும் கைதூக்கியதில்லை.

"நீ கண்ணாடியத் தொடச்சிக்கிட்டே இரு ஆர்னோ, உலகத்த நான் பாத்துக்கிறேன்" என்று ஆப்பிள் மதுக் கோப்பையை உயர்த்தி அவன் சொல்வான். எல்லோரும் சிரிப்பர். நானும் சிரிப்பேன்.

அந்தச் செப்டம்பரில் அவன் காட்டிய படத்தில் இருந்தவள் ஹெட்விக், என் மனைவி. பழைய பாலத்தின்மேல், காற்றில் கழுத்துத்துணி பறக்க, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இடக்கண்ணின் இமைமயிர்மேல் குவியம் அமைந்திருந்தது. அந்த லென்சை ஓராண்டுக்கு முன் துப்புரவு செய்து கொடுத்தவன் நான். அன்று எல்லோரும் கைதூக்கினர். முப்பத்து நான்கு ஆண்டு மணவாழ்வில் அந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "எதுக்கு அப்படிச் சிரிச்ச?" என்று கேட்டேன்.

"அவன் ஏதோ கிறுக்குத்தனமாச் சொன்னான், என்னன்னே ஞாபகம் இல்ல. நீயுந்தான் படம் எடுக்கிற. அசையாதே அசையாதேன்னா யாருக்குச் சிரிப்பு வரும்?" என்றாள்.

பொறாமையால் செய்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அது துல்லியமான சொல்லன்று.

இவ்வகைக் காமிராவின் இயல்பு ஒன்றை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். இதிற் படம் எடுப்பவன் லென்சின் வழியே பார்ப்பதில்லை. பக்கத்திலுள்ள சிறு சாளரத்தில் இரண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகும்வரை வளையத்தைத் திருப்புகிறான். ஒன்றானதும் குவியம் சரியென்று நம்பிவிடுகிறான். அடிவளையத்தின்கீழ் ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டை மிகையாக வைத்தால், சாளரம் சரி என்னும், படமோ மங்கும். ஃபோல்க்மரின் மூன்று லென்சுகளிலும் ஆறு குழிகளைப் பிழையின்றி வெட்டினேன். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு தகடு வைத்தேன். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஐந்து பங்கு; அதற்குமேல் இல்லை.

பின்னர்த் திருகாணியின் தலையில் ஒரு சொட்டுப் பச்சை அரக்கு இட்டேன். எங்கள் தொழிலில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு. ஒருவரது அரக்கை மற்றவர் கேளாமல் உடைப்பதில்லை. அரக்கின்றி ஒரு லென்சும் என் மேசையை விட்டு இறங்கியதில்லை.

புதிய காமிரா கைக்கு வந்த மூன்றாம் வாரத்தில் அவன் பட்டறைக்கு வந்தான்.

"டேய், எல்லாம் மங்கலா வருதுடா. கணினியில பெருசாக்கிப் பாத்தா மூக்கு தெளிவா இருக்கு, கண்ணு இல்ல. லென்சப் பாரு."

அளவை மேசையில் ஏற்றி முள்ளைக் காட்டினேன். அதன் சுழியத்தை அன்று காலையிலேயே நகர்த்தி வைத்திருந்தேன். "லென்சு சரியாத்தான் இருக்கு, ஃபோல்க்மர்" என்றேன். நான் சொன்னது அவ்வளவே. எஞ்சியதை அவனே சொல்லிக்கொண்டான்.

"அப்ப என் கண்ணுதான்." அவன் நாற்காலியில் அமர்ந்தான். "எங்கப்பாவுக்கும் அறுபதுலதான் ஆரம்பிச்சுது."

அவன் தந்தை ரொட்டி சுடுபவர். பார்வை போன பின்னர் அடுப்பின் சூட்டைக் கன்னத்தால் அளந்து வேலை செய்தவர். சிறுவயதில் நாங்கள் இருவரும் அதைப் பார்த்திருக்கிறோம். இதனை நான் மறந்திருந்தேன் என்று சொல்லமாட்டேன்.

கண் மருத்துவர், பார்வை நன்றாகவே உள்ளது, சற்று உலர்வு மட்டுமே என்று கூறிச் சொட்டு மருந்து எழுதித் தந்தார். ஃபோல்க்மர் அவரை நம்பவில்லை, படங்களை நம்பினான். நாளேட்டு வேலையை விட்டான். காரை விற்றான். அச்சம் கொண்டவன் கண்ணைக் கசக்கிக் கசக்கி மெய்யாகவே மங்கலாகக் காண்பான் என்பதை அப்போதுதான் அறிந்தேன். கழகத்தில் அந்தக் குளிர்காலம் முழுவதும் அமைதியாயிருந்தது. ஒருமுறை என் படத்துக்கு நால்வர் கைதூக்கினர்.

அத்துடன் நின்றிருக்கும், அம்மையீர். ஆனால் மார்ச்சு மாதத்தில் ஹெட்விக் நாள்தோறும் நான்கு மணிக்குப் பிளம் கேக்கை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் செல்லத் தொடங்கினாள்; நாளேட்டைப் படித்துக் காட்டுவதற்காக.

"தானே படிக்கக்கூடாதா அவன்?" என்றேன்.

"படிச்சா கண்ணு இன்னும் கெட்டுடுமோன்னு பயப்படுறான், பாவம். இரங்கல் விளம்பரத்தக்கூட ஏத்த இறக்கத்தோட படிக்கச் சொல்றான். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது."

ஆறு மணிக்கு அவள் திரும்பும்போது, பாலத்துச் சிரிப்பின் மிச்சம் அவள் வாயோரத்தில் இருக்கும். கதவைத் திறந்ததும் மறைந்துவிடும்.

நன்றாகப் பார்க்கக்கூடிய ஒருவனுக்கு என் மனைவி படித்துக் காட்டினாள். அளவை ஒன்று கூற, பொருள் வேறொன்றாயிருப்பதை நான் பொறுப்பவனல்லன். உண்மையைச் சொல்லி அளவையைத் திருத்தலாம்; அல்லது பொருளைத் திருத்தலாம். உண்மையைச் சொன்னால் அவன் மீண்டும் அவளைப் படம் எடுப்பான்.

கார் இல்லாமையால் அவனுடைய சொட்டு மருந்தை மருந்தகத்திலிருந்து நானே வாங்கித் தந்துகொண்டிருந்தேன். லென்சின் பழைய பூச்சைக் கரைக்கும் திரவம் ஒன்று என் அலமாரியில் உண்டு. மே மாதம் முதல் ஒவ்வொரு குப்பியிலும் அதைச் சிறிதளவு சேர்த்தேன். அளவை மிகுதியாக்க நான் அவசரப்படவில்லை.

"எரியுதுடா, ஆர்னோ."

"மருந்துன்னா எரியத்தான் செய்யும். தலைய அண்ணாந்து வை" என்று சொல்லி, பலநாள் என் கையாலேயே இட்டேன். என் கை நடுங்குவதில்லை. மறுபடியும் மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டான். அந்த ஆள் என்ன கண்டுபிடித்தார் என்று நான் கேட்டேன். அவன் போகவில்லை. ஆகஸ்டு மாதக் கடைசியில் சாளரம் எப்பக்கம் உள்ளது என்பது மட்டுமே அவனுக்குத் தெரிந்தது.

என்னைக் காட்டிக்கொடுத்தது அந்தக் குப்பியன்று. செப்டம்பரில் ஒருநாள் மாலை, சும்மா கிடந்த அவன் காமிராவை ஹெட்விக் எடுத்து, தோட்டத்தில் அமர்ந்திருந்த அவனைப் படம் எடுத்திருக்கிறாள். இரவுணவின்போது அந்தப் படத்தை என் தட்டின் அருகே வைத்தாள். அவனுடைய மூக்கு தெளிவாயிருந்தது.

"ஏன் ஆர்னோ, என் கண்ணும் போயிடுச்சா?" என்றாள்.

மறுநாள் அவள் அந்த லென்சைக் கீசன் நகரிலுள்ள மற்றொரு செப்பனிடுபவரிடம் கொண்டுசென்றாள். அவர் வழக்கப்படி, அரக்கை உடைக்கலாமா என்று என்னைத் தொலைபேசியில் கேட்டார். "பச்ச உங்களோடதுதானே, ஐயா?" என்றார். ஆம் என்றேன், உடைக்கலாம் என்றும் சொன்னேன். என் வேலையை என்னுடையதன்று என்று சொல்ல எனக்கு வரவில்லை.

தகடு வெளிப்பட்ட பின்னர் அவள் யாரிடம் வந்தாள் என்பதை நீங்கள் அறிவீர்கள். இவையனைத்தையும் நானே, எவரும் தூண்டாமல், தெளிந்த மனத்துடன் செய்தேன். லென்சுகளைக் கொடுத்தால் இங்கேயே, இந்த விளக்கின்கீழ், அரைமணி நேரத்தில் சரிசெய்து தருவேன்.

ஹெட்விக் அவன் வீட்டிலேயே தங்கிவிட்டதாகச் சொன்னீர்கள். அவன் தந்த வாக்குமூலத்தையும் படித்துக் காட்டினீர்கள்: எல்லாம் இருண்டுவிட்டாலும் ஒரே ஒரு முகம் மட்டும் இன்னும் கூர்மையாக, இமைமயிர் வரை தெரிகிறது என்று அதில் ஒரு வரி வருகிறது. கையொப்பம் இடுகிறேன், அம்மையீர். ஆனால் நாளை அவனைக் காணும்போது அது யாருடைய முகம் என்றும், சிரிக்கிறதா என்றும் கேட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும்.