யார்டுக்கு வெளியே ஒரு மம்பட்டி

தொண்டி பஸ்ஸில் என் பின்சீட்டில் இருந்த மரைக்காயர், "லாரி கெளம்புறப்பவும் நான் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்குறேன். டிரைவர் சிரிக்கிறான்" என்றார்.

இராமநாதபுரத்துக் கூட்ஸ் யார்டை லாரிகள் வந்துபோக விரிவாக்கிய பிறகு, அவர் சரக்கு தோணியை விட்டு ரயிலேறுகிறதாம்.

அவர் பக்கத்தில் இருந்த சம்சாரி சொன்னார்: "அதுல பாதி எங்க வயலு, மரைக்காயரே. இன்னமும் மழை பேஞ்சா மம்பட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிர்றேன். கேட்டுக்கு வெளிய நின்னுட்டு வாரேன்."

"போன மழைக்கு என் கருவாட்டுச் சிப்பம் அம்புட்டும் நனைஞ்சு போச்சு. தண்ணி எங்கன வடியும்னு அங்கன ஒருத்தருக்கும் தெரியல."

"கெழக்கு மூலையில மடை இருந்துச்சு. அதைத்தான் மூடிட்டாக."

மரைக்காயர் சம்சாரி பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அடுத்த மழைக்கு என் பேரைச் சொல்லி உள்ள வாங்கண்ணே. மம்பட்டிய வீட்டுல வச்சிட்டு வந்துராதீக."